டெக்கிலும் பால்கனியிலும் வெளி அவுட்லெட்: அமெரிக்க விதி என்ன, எப்படிப் பொருத்துவது

நாங்கள் குடிவந்தபோது இந்த வீட்டு டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த தளத்தில், ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு கிடந்தது. வரவேற்பறை அவுட்லெட்டிலிருந்து இழுத்து, சறுக்குக் கதவின் இடுக்கு வழியாக வெளியே விட்டிருந்தார்கள். கதவு வந்து முட்டும் இடத்தில் அதன் மேலுறை தட்டையாக நசுங்கி, ஓரத்தில் செம்பு பளபளத்தது. மழைத் தண்ணீர் வடிந்து நிற்பதும் அதே இடத்தில்தான். அன்றைக்கே அதைக் கழற்றிப் போட்டேன். டெக்குக்கென்று ஒரு அவுட்லெட் இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் கதை இப்படித்தான் போகும். விதி அதைக் கட்டாயமாக்கியிருப்பதும் அதனால்தான்.

1. விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் இதைச் சொல்வது என்.இ.சி. எனப்படும் தேசிய மின்விதி. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே பதிப்பைப் பின்பற்றுவதில்லை. அதனால் முதல் வேலை, உங்கள் ஊர் கட்டட அனுமதி அலுவலகத்துக்கு ஒரு போன். எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது, பர்மிட் வேண்டுமா, வீட்டுக்காரரே வேலையைச் செய்யலாமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

விதியின் சாரம் இதுதான்: வீட்டை ஒட்டிய டெக், பால்கனி, போர்ச் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு அவுட்லெட் வேண்டும். அது டெக்கில் இருந்தபடியே எட்ட வேண்டும். நடக்கும் பரப்பிலிருந்து ஆறரை அடிக்கு மேல் போகக்கூடாது. 2008 பதிப்பில் 20 சதுர அடிக்குக் குறைந்த பால்கனிகளுக்கு விலக்கு இருந்தது. 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். "டெக் சுவரை ஒட்டவில்லையே, சின்ன இடைவெளி இருக்கிறதே" என்ற வாதத்துக்கும் 2017-இல் முடிவு கட்டினார்கள்: இடைவெளி 4 அங்குலத்துக்குள் என்றால் விதி பொருந்தும்.

வீட்டின் முன்னும் பின்னும் தரையில் நின்றபடி எட்டுகிற அவுட்லெட் வேண்டும் என்பது வேறு விதி. இதை அதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. எந்த சர்க்யூட்டிலிருந்து எடுப்பது?

சுவரின் உள்பக்கம் ஏற்கெனவே ஒரு அவுட்லெட் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சுவருக்குள் அது இருக்கும் அதே இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிப்பக்கம் அவுட்லெட் பெட்டி வைத்துவிடலாம். ஆனால் அந்த அவுட்லெட் எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று பாருங்கள். சமையல் மேடை, குளியலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றின் சர்க்யூட்டிலிருந்து டெக்குக்கு எடுக்கக்கூடாது. பிரேக்கரை அணைத்து எதெல்லாம் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் சுமை. 1500 வாட் ஹீட்டர் ஒன்றே 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். அப்படி எதையாவது வெளியே ஓட்டுவதாக இருந்தால் தனியாக 20 ஆம்பியர் சர்க்யூட், 12 கேஜ் வயர் போடுவதே சரி. விளக்குச் சரம், போன் சார்ஜர் போன்றவற்றுக்கு இருக்கும் சர்க்யூட்டே போதும்.

3. வாங்க வேண்டியவை

ஜி.எஃப்.சி.ஐ. அவுட்லெட் ஒன்று (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் வகை). அதன் முகத்தில் டபிள்யூ.ஆர்., டி.ஆர். என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். முதலாவது வெயில் மழை தாங்கும் என்பதற்கு, இரண்டாவது குழந்தைகள் கம்பி எதையும் நுழைக்க முடியாது என்பதற்கு.

பலர் கோட்டை விடுவது மூடியில். தூக்கினால் திறந்து, விட்டால் ஒட்டிக்கொள்ளும் தட்டை மூடி, பிளக் செருகாத வரைதான் காக்கும். செருகிய நொடியே அவுட்லெட்டின் வாய் மழைக்குத் திறந்துவிடுகிறது. மழை படும் இடத்தில் பிளக் செருகியிருக்கும்போதும் மூடிக்கொள்ளும் குமிழ் மூடிதான் வேண்டும் என்று விதி கேட்கிறது. அதிலும் 'எக்ஸ்ட்ரா டியூட்டி' என்று குறித்த வகை. கூரை போட்ட போர்ச்சுக்குத் தட்டை மூடி போதும் என்பார்கள், விதியும் இடம் தருகிறது. ஆனாலும் சாரல் நேராகவா விழுகிறது? அங்கும் குமிழ் மூடியையே போடுங்கள்.

4. பொருத்துதல்

பிரேக்கரை அணையுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில், மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இப்படித்தான் தெரியவரும். பழைய பெட்டியைத் திறந்ததும் வெள்ளி நிறத்தில் அலுமினிய வயர் தெரிந்தால் வேலையை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொரு கேபிளுக்குப் பெட்டியில் இடமில்லை என்றால் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள்.

வீட்டுக்குள் ஓடும் சாதாரண என்.எம். கேபிள் சுவருக்குள் இருக்கும்வரை சரி. வெளியே வரக்கூடாது, குழாய்க்குள் விட்டாலும் கூடாது.

ஜி.எஃப்.சி.ஐ.யின் பின்புறம் லைன் (கரண்ட் வரும் பக்கம்), லோட் (அடுத்த அவுட்லெட்டுக்குப் போகும் பக்கம்) என்று இரண்டு ஜோடி திருகுகள் இருக்கும். லோட் ஜோடியின் மேல் பெரும்பாலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதைத் தொடாதீர்கள். லைன் பக்கத்தில் கறுப்பு வயர் பித்தளைத் திருகுக்கு, வெள்ளை வயர் வெள்ளித் திருகுக்கு, வெறும் செம்புக் கம்பி பச்சைத் திருகுக்கு. முறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

மூடியின் அடித்தட்டைச் சுற்றி மேலும் இரு பக்கமும் சிலிக்கான் பூசுங்கள், கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே எப்படியாவது புகும் ஈரத்துக்கு வெளியேற ஒரு வழி வேண்டுமே.

5. சோதனை

பிரேக்கரைப் போட்டு, ஒரு விளக்கைச் செருகி, டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு அணைய வேண்டும்; ரீசெட் அழுத்தினால் எரிய வேண்டும். போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் சுமார் 5 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே இது துண்டித்துவிடும். பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் 1961-இல் உருவாக்கிய கருவி இது. ஈரக் காலுடன் டெக்கில் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, கார்டைச் செருகியபடியே குமிழ் மூடியைச் சாத்துங்கள். கார்டு கீழேயுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து, மூடி 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.