ரோம் எப்படி விழுந்தது: ஒரு டம்ளர் தயிரை வைத்துப் பாடம் நடத்த

பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு ட்யூஷன் வரும் பிள்ளைகளிடம் ரோமின் வீழ்ச்சி என்றால், கி.பி. 476 என்று ஒப்பிப்பார்கள். அந்த வருஷம் என்ன நடந்தது என்றால் முழிப்பார்கள். அதனால் 476-ஐக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எங்கள் ஊரிலேயே இருக்கும் யஷ்வந்த்பூரில் ஆரம்பிக்கிறேன்.

1891-இல் அங்கே ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் கிடைத்தன. "நம்ம ரயில் ஏறுற யஷ்வந்த்பூரா மிஸ்?" என்று யாராவது கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒரு டம்ளர் கெட்டித் தயிர் எடுங்கள். அதுதான் அகஸ்டஸ் காசு, கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. பாதியை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். பேரரசர் நீரோ கி.பி. 64-இல் காசில் கொஞ்சமாக ஆரம்பித்த இந்தக் கலப்பட வேலை, 200 வாக்கில் இந்தப் பாதிக்கு வந்தது. அப்புறம்தான் வேகம். இதையே இன்னும் நாலு தடவை செய்தால் நூற்றுக்கு மூன்று பங்கு தயிர் மிஞ்சும். 270 வாக்கில் காசும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் டம்ளரில் இருப்பது வெள்ளையாகவே தெரியும். அந்தக் காசும் உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு.

ஏன் கலந்தார்கள்? படைக்குச் சம்பளம் கொடுக்க. கொடுக்காத பேரரசர் உயிரோடு இருப்பது கஷ்டம். விலைவாசி ஏறியது. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைகளை நிர்ணயித்து, மீறினால் மரண தண்டனை என்றார். அதற்கும் அடங்கவில்லை.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன், ஒரு பெண் மடக்கிவிட்டாள்: "அப்ப இன்னும் 200 வருஷம் எப்படி ஓடுச்சு மிஸ்?" நியாயமான கேள்வி. அடுத்து வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் தரமான தங்கக் காசு அடித்து நிலைமையைச் சமாளித்தார். ஆனால் சம்பளப் பிரச்சினை போகவில்லை. அதனால் இப்போது தயிரை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தை விரிக்கிறேன். அதற்குள் பேரரசு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகியிருந்தது. 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்ததும், மேற்குப் பேரரசுக்கு ஆப்பிரிக்காவின் தானியமும் வரியும் போயின. அந்த இடத்தை விரலால் மூடச் சொல்லுங்கள். இனி யார் சம்பளம் தருவார்கள் என்று கேளுங்கள்.

பிறகு 476. கூலிப்படையினர் இத்தாலியில் நிலம் கேட்டார்கள். மறுத்ததும் அவர்கள் தலைவன் ஓடோவேக்கர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினான். கொல்லவில்லை, உதவித்தொகை கொடுத்து அனுப்பிவிட்டான். கிழக்குப் பேரரசு 1453 வரை இருந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும்.

மிச்ச மோரைப் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.