கலெத் தெ ருவா: ஓரம் பிளக்காமல் வீட்டில் சுடும் முறை

ஜனவரி பிறந்துவிட்டால் பிரான்சின் பேக்கரிகளில் பொன்னிற வட்டப் பலகாரங்களையும், அவற்றின் பக்கத்தில் தங்கத்தாள் கிரீடங்களையும் அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் கலெத் தெ ருவா. குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசரை நினைவுகூரும் ஜனவரி 6ஆம் தேதித் திருவிழாவுக்கு உரியது என்றாலும், மாதம் முழுவதும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இதை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே ஒளித்து வைத்த ஃபெவ் என்னும் சிறு பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ, அவரே அன்றைக்கு அரசர். இந்த விளையாட்டு ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகவே செய்முறையின் சில படிகள் அமைந்திருப்பதால், வழக்கங்களையும் அந்தந்தப் படியிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவனைச் சூடேற்றுவது போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்கிறேன்.

தேவையானவை (எட்டுப் பேருக்கு)

வட்டமான பஃப் பேஸ்ட்ரித் தகடு 2, உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், பாதாம் தூள் 100 கிராம், முட்டை 2, மேலே பூச ஒரு மஞ்சள் கரு, விருப்பப்பட்டால் ஒரு மேசைக்கரண்டி ரம். ஓடு நீக்கிய இரண்டு முட்டைகளும் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் என்பதால், நான்கு பொருள்களும் சம எடை என்று நினைவில் வைத்தால் போதும்.

தகட்டை வீட்டிலேயே மடித்துத் தேய்க்கும்படி தொடக்கநிலையாளர் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். கடையில் சுருட்டி விற்பதே போதும். ஆனால் உறையில் ‘புர் பேர்’, அதாவது முழுக்க வெண்ணெயால் ஆனது, என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாமாயில் சேர்த்தது நம் ஊர் பப்ஸைப் போல நன்றாகவே உப்பும்; வாசனைதான் வராது. ஒரு தராசும் கூர்மையான சிறு கத்தியும் கட்டாயம் வேண்டும். தூரிகை மென்முடியால் ஆனதாக இருக்கட்டும். சிலிக்கான் தூரிகை முட்டையைக் கோடு கோடாக இழுத்துவிடுகிறது.

பூரணமும் ஃபெவும்

இளகிய வெண்ணெயைச் சர்க்கரையுடன் குழைத்து, பாதாம் தூளையும், பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகவும் சேர்த்து, கடைசியில் ரம்மை ஊற்றுங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். உள்ளே புகும் காற்று சூட்டில் விரிந்து பூரணத்தை வெளியே தள்ளும். கலவையை அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இறுகச் செய்யுங்கள்.

ஒரு தகட்டை பேக்கிங் தாளின் மேல் விரித்து, சுற்றிலும் மூன்று செ.மீ. இடம் விட்டுப் பூரணத்தைப் பரப்புங்கள். ஃபெவை நடுவில் வைக்காதீர்கள். எல்லா வெட்டும் நடுவில்தான் சந்திக்கும் என்பதால் கத்தி அதில் இடித்து ரகசியம் உடைந்துவிடும். பூரணத்தின் வெளிவிளிம்பை ஒட்டிப் புதைப்பதே சரி. பெயருக்கேற்ப முதலில் இது உண்மையான அவரையினக் கொட்டையாகவே இருந்தது. பீங்கான் பொம்மைகள் வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இன்று இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு ஃபபோஃபீல் என்று தனிப் பெயரே உண்டு. பொம்மை கிடைக்காவிட்டால் ஒரு முழு பாதாம் போதும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அதையே பரிந்துரைப்பேன். பிளாஸ்டிக் பொம்மை மட்டும் கூடாது, உருகிவிடும்.

ஓரத்தை ஒட்டுதல்

பெரும்பாலான கலெத்துகள் கெடுவது இந்தப் படியில்தான். ஓரம் வாய் பிளந்து, பூரணம் தட்டில் ஒழுகிக் கருகிவிடும். வெறும் ஓரத்தில் முட்டையைத் தடவாமல் தண்ணீரை மட்டும் மெலிதாகத் தொட்டுத் தடவுங்கள். அங்கே பூரணம் ஒரு துளி பட்டிருந்தாலும் வெண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவிடாது என்பதால் முதலில் துடைத்துவிடுங்கள். இரண்டாவது தகட்டை மூடி, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிக் காற்றை வெளியேற்றிய பிறகே ஓரத்தை அழுத்துங்கள். பிறகு ஒரு விரலால் விளிம்பின் மேற்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகால் பக்கவாட்டில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு சாய்ந்த தழும்பு இட்டுச் சுற்றி வாருங்கள். இரண்டு தகடுகளையும் பூட்டும் வேலை இதுதான். கடைசியாக முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால், தட்டையான அடிப்பக்கம் மேலே வந்து கோலம் கீறத் தோதாக இருக்கும்.

மஞ்சள் கருவில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி பாலும் கலந்து மேலே மட்டும் பூசுங்கள். பக்கவாட்டில் வழிந்தால் அது பசைபோல அடுக்குகளை ஒட்டிவிடும். அந்தப் பக்கம் உப்பாமல் கலெத் கோணலாக எழும். ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, இரண்டாம் முறை பூசி, பிறகு மேல்தோலை மட்டும் கீறுங்கள். கதிர்கள் சுழலும் சூரிய வடிவம் எளிது. ஆவி வெளியேற நான்கைந்து இடங்களில் கத்தி முனையால் ஆழத் துளையிடுங்கள்.

சுடுதல்

200 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடிப்பாகமும் பழுப்பாகியிருக்க வேண்டும். மேல்நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிட வேண்டாம். வெளியே எடுத்ததும் சர்க்கரைப் பாகைத் தடவினால் கடையில் வாங்கியதைப் போலப் பளபளக்கும்.

வெட்டுதல்

கலெத்தைப் பங்கிடுவதை ‘திரே லெ ருவா’, அரசரைச் சீட்டெடுத்தல், என்கிறார்கள். ரோமானியரின் சட்டர்நேலியா விழாவில் குலுக்கல் மூலம் ஒருவரை அரசனாக்கும் வழக்கம் இருந்தது. அதன் நீட்சியாகவே இதைப் பலரும் கருதுகிறார்கள். குடும்பத்தில் இளையவர் மேசைக்கு அடியில் அமர வேண்டும். பெரியவர் ஒரு துண்டைக் காட்டி ‘இது யாருக்கு?’ என்று கேட்க, அவர் கீழிருந்து ஒரு பெயரைச் சொல்வார். துண்டில் ஃபெவ் தெரிந்தாலும் யாரும் ஒருதலைப்பட்சம் என்று குறை சொல்ல முடியாது. எட்டுப் பேர் என்றால் ஒன்பதாக வெட்டுவதே பழைய முறை. மிஞ்சும் ஒன்று ஏழையின் பங்கு. கதவைத் தட்டி வருபவருக்கு உரியது. அரசர் கோப்பையை உயர்த்தும்போது மற்றவர்கள் ‘லெ ருவா புவா’, அரசர் குடிக்கிறார், என்று கூவுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் யாக்கோப் யோர்தான்ஸ் இந்தக் கூச்சலையே பல ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார். குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்குச் செல்லும் பெரிய கலெத்தில் மட்டும் ஃபெவ் இருக்காது. குடியரசின் தலைவர் அரசராகிவிடக் கூடாதல்லவா!

பின்சேர்க்கை

தென்பிரான்சில் பார்த்தது இப்படி இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். புரோவான்சில் இதே நாளுக்குச் செய்வது, சர்க்கரையில் ஊறிய பழங்களைப் பதித்த வளைய வடிவ பிரியோஷ் ரொட்டி. அதற்கு ஈஸ்ட் வேண்டும், செய்முறையும் முற்றிலும் வேறு. மறுநாள் மிச்சத்தைச் சூடாக்குவதென்றால் 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் அடுக்குகள் துவண்டுபோகும். பொன்முலாம் பூசிய ஃபெவ் உள்ளே மாட்டியிருந்தால் தீப்பொறியும் பறக்கும்.