டெல்டா குளங்களுக்கு ஏற்ற ஆர்.சி. பந்தயப் படகு: அளவும் வகுப்பும் தேர்ந்தெடுக்கும் முறை

கரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் ஆர்.சி. படகுப் பந்தயத்தில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் படகை முதலில் வாங்கிவிட்டு, அதை ஓட்டத் தண்ணீர் தேடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. முதலில் தண்ணீர், அடுத்து உங்கள் ஊரில் கூட ஓட்டப்போகிற நான்கைந்து பேர், கடைசியில்தான் படகு. ஒற்றைப் படகு எவ்வளவு வேகமாகப் போனாலும் அது பந்தயம் ஆகாது. ஒரே வகுப்பில் நான்கு படகாவது இருந்தால்தான் ஓட்டத்துக்கு அர்த்தம் உண்டு.

தண்ணீரை அளப்பது

சணல் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி ஆழம் பாருங்கள். கரையோரம், நடு, படித்துறைக்கு எதிரே என்று ஏழெட்டு இடத்தில் பார்க்க வேண்டும். கோயில் குளங்களில் படிகள் தண்ணீருக்குள்ளும் தொடரும். மேலே தெரியாத அந்தக் கருங்கல் படிதான் ப்ரொப்பெல்லரையும் சுக்கானையும் உடைக்கும். எனவே கடைசிப் படி எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மிதவை போட்டுவிடுங்கள்.

அடுத்தது நீள அகலம். மணிக்கு 40 கி.மீ. போகும் படகு ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். 70 கி.மீ. என்றால் 19 மீட்டருக்கு மேல். 60 மீட்டர் நேர்கோட்டை இந்த இரண்டாவது படகு மூன்று நொடியில் முடித்துவிடும். கை யோசிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடும். 45 செ.மீ. படகுகளுக்கு 60 மீட்டருக்கு 30 மீட்டர் திறந்த நீர் போதும். 70 செ.மீ.க்கு மேற்பட்ட, நான்கு செல் பேட்டரிப் படகுகளுக்கு 120 மீட்டருக்கு 60 மீட்டராவது வேண்டும். மேலும், தூரத்தில் சின்னப் படகு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்தின் முன்பாதியில் ஒரு பளிச்சென்ற நிறம், அடிப்பாகத்தில் வேறு நிறம் அடித்தால் திசையும் தெரியும், கவிழ்ந்ததும் தெரியும்.

திருவாரூர் கமலாலயம், மன்னார்குடி ஹரித்ராநதி போன்ற பெரிய குளங்களில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் நடுவில் கோயில் இருக்கிறது. அதன் பின்னால் படகு போனால் கண்ணுக்கும் மறையும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலும் கல் கட்டடத்தைத் தாண்டித் தள்ளாடும். எந்தக் குளமானாலும் சுற்றுப்பாதையை நீங்கள் நிற்கும் கரைக்கு எதிரே மட்டும் போடுங்கள். கோயில் குளத்துக்குக் கோயில் நிர்வாகத்திடமும், ஊர்க்குளத்துக்கு ஊராட்சியிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மீன் குத்தகை விட்ட குளமென்றால் குத்தகைதாரரிடமும் பேசுங்கள். நீருக்குள் கட்டிய வலை ப்ரொப்பெல்லரில் சுற்றினால் அவருக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம். ஆட்கள் குளிக்கும் நேரத்தில் மோட்டார் படகை இறக்கவே கூடாது.

பருவம்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. வாய்க்கால் வழி நிரம்பும் குளங்களுக்கு இதுவே நாட்காட்டி. புதுத்தண்ணீர் வரும்போது வண்டலும் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தே வரும். முதல் இரண்டு வாரம் மோட்டார் படகை இறக்காமல் இருப்பது நல்லது, மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யையும் குளிர்விக்கும் மெல்லிய குழாயில் வண்டல் அடைத்துக்கொள்ளும். படகு ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர்த்தாரை வருகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். தாரை நின்றால் உடனே கரைக்குக் கொண்டுவர வேண்டும். முறைப்பாசனம் நடக்கும்போது சில குளங்களில் மட்டம் ஏறி இறங்கும். அதனால் படியில் ஒரு குறி போட்டு, அந்தக் குறிக்குக் கீழே தண்ணீர் போனால் ஓட்டமில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓடுகிற ஆற்றையும் வாய்க்காலையும் விட்டுவிடுங்கள். பேட்டரி தீர்ந்த படகை மதகு இழுத்துக்கொள்ளும். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. அங்கே நின்றுபோன படகை எடுக்க யாரும் இறங்கக் கூடாது.

வகுப்பு என்றால் என்ன

வகுப்பு என்பது நீளம், மின்னழுத்தம், அடிப்பாகத்தின் வடிவம், எஞ்சின் படகானால் அதன் கொள்ளளவு ஆகியவற்றுக்குப் போடும் வரம்பு. அமெரிக்காவின் மாதிரிப் படகுப் பந்தய அமைப்பான நம்பாவில் மின்படகுகளை மின்னழுத்தத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: என்-2 என்றால் இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), பி என்றால் நான்கு வரை, க்யூ என்றால் ஆறு வரை. அதற்குள் மோனோ, கேட்டமரான், ஹைட்ரோ என்று வடிவப் பிரிவு. 1959இல் தொடங்கிய நாவிகா என்ற சர்வதேச அமைப்புக்குத் தனி வகுப்புகள் உண்டு. அதன் மினி வகுப்புகள் 45 செ.மீ. படகுகளுக்கானவை.

நம் குளங்களுக்கு வடிவத்தில் எங்கள் தேர்வு மோனோதான். ஒற்றை அடிப்பாகம், ஆழமான வி வடிவம். காற்றில் எழும் சிற்றலையை அது வெட்டிக்கொண்டு போகும், கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும் வகைகள் கிடைக்கும். கேட்டமரான் திருப்பத்தில் உறுதியானது, ஆனால் எதிர்காற்றில் இரண்டு அடிப்பாகங்களுக்கும் இடையே காற்று புகுந்து மல்லாக்கத் தூக்கிப்போடும். நீரை லேசாகத் தொட்டபடி ஓடும் ஹைட்ரோ கண்ணாடி போன்ற நீருக்கு மட்டும். ஆடி மாதத்தில் அதை வெளியே எடுக்கவே வேண்டாம்.

மோட்டார் படகில் தொடங்கும் குழு 45 செ.மீ., இரண்டு செல், மோனோ என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். நீளத்தில் சுக்கானும், ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் சேராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் முதல் பந்தயத்திலேயே சண்டை வரும். மோட்டார் அளவையும் ப்ரொப்பெல்லர் விட்டத்தையும் பூட்டிவிடுவது அதைவிட முக்கியம். ப்ரொப்பெல்லரின் சுமை விட்டத்தின் நான்காம், ஐந்தாம் அடுக்கில் ஏறும்: 40 மி.மீ.யை 42 ஆக்கினால் மோட்டார் இழுக்கும் சக்தி கால் பங்கு வரை கூடும். பெரும்பாலான இ.எஸ்.சி.கள் புகைவது இந்த இரண்டு மில்லிமீட்டரால்தான்.

பேட்டரிக் கணக்கு இப்படி: 2200 எம்.ஏ.எச். பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 1.76 ஆம்பியர்-மணி மட்டும் செலவழிக்கலாம். சராசரி 25 ஆம்பியர் இழுத்தால் சுமார் நான்கு நிமிடம் ஓடும். ஆகவே பந்தயம் மூன்று நிமிடம், கரைக்குத் திரும்ப ஒரு நிமிடம். நான்கு செல், 5000 எம்.ஏ.எச்., சராசரி 60 ஆம்பியர் என்றாலும் அதே நான்கு நிமிடம்தான் வரும். மோட்டாரின் கே.வி.யை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) வோல்ட்டால் பெருக்கினால் சுமையில்லாச் சுழற்சி கிடைக்கும்: 2030 கே.வி., நான்கு செல்லின் 14.8 வோல்ட் என்றால் நிமிடத்துக்கு 30,000. பந்தய மோனோவுக்கு இதுவே போதுமான வேகம். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் சூடுதான் ஏறும்.

எந்த அளவானாலும் எடைமையம் பின்பலகையிலிருந்து நீளத்தின் 30 சதவீதத்தில் விழ வேண்டும். 70 செ.மீ. படகில் அது 21 செ.மீ. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு விரலில் படகைத் தூக்கிப் பாருங்கள். மையம் பின்னால் போனால் மூக்கு மேலும் கீழும் குதிக்கும். முன்னால் வந்தால் மூக்கு நீரைக் குத்தித் திருப்பத்தில் சுழன்றுவிடும். மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகும் வளையும் தண்டான ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் சுமையில் முறுக்கிச் சுருங்கும், அதற்காக ஸ்ட்ரட்டுக்கும், ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாகுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். படகின் காலியிடம் முழுவதும் தெர்மாகோல் அல்லது ஃபோம் அடைத்தாக வேண்டும். ஃபோம் இல்லாத படகு மூழ்கினால் டெல்டாச் சேற்றில் தேடிப் பயனில்லை.

பெட்ரோல் படகுகள் ஒரு மீட்டரைத் தாண்டியவை, சத்தமும் எண்ணெய்ப் படலமும் உண்டு. ஊர் நடுவில் இருக்கும் குளத்துக்கு அவை ஒத்துவராது.

பாய்ப்படகு வகுப்புகள்

உண்மையில் டெல்டாவுக்குப் பொருத்தமானவை பாய்ப்படகுகள்தான். சத்தமில்லை, குளிப்பவருக்கு ஆபத்து குறைவு, பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் மேல்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இலவசமாகக் கிடைக்கிறது. சுக்கானுக்கு ஒன்று, பாய்க்கயிற்றுக்கு ஒன்று என இரண்டு சேனல் ரேடியோ போதும்.

இங்கே தேர்வைத் தீர்மானிப்பது ஆழம். சர்வதேச ஒன் மீட்டர் வகுப்பில் நீளம் அதிகபட்சம் 1000 மி.மீ., எடை குறைந்தது 4 கிலோ, நீருக்குள் 420 மி.மீ. வரை இறங்கும் அடித்துடுப்பு. அதன் நுனியில் ஈயக் குமிழ் இருப்பதால் பாசியை அள்ளிக்கொண்டு நிற்கும். இதற்கு பாசியில்லாத மூன்றடி நீர் வேண்டும். ஆர்.ஜி. 65 வகுப்பில் நீளம் 650 மி.மீ., பாய்ப் பரப்பு 2250 சதுர செ.மீ.; படகை வீட்டிலேயே கட்டலாம், பைக்கில் எடுத்துப்போகலாம். கட்ட நேரமில்லாதவர்கள் டிராகன் ஃபோர்ஸ் 65 வாங்கினால் எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருக்கும், வெற்றி ஓட்டுபவர் கையில். முதல் படகாக நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஒன் மீட்டருக்கு மூன்று அளவுப் பாய்த்தொகுதிகள் அனுமதி. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது மூக்கு நீருக்குள் புதைந்து சுக்கான் மேலே தூக்கினால், அடுத்த சிறிய தொகுதிக்கு மாறும் நேரம் அது. ஆடிக்காற்றில் சிறிய தொகுதி கையிருப்பில் இல்லாமல் குளத்துக்குப் போகாதீர்கள். படித்துறையில் இறக்கும்போது படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கடைசிப் படியைத் தாண்டியபின் நிமிர்த்தி, மூக்கை வெளியே பார்க்கத் தள்ளுங்கள். அப்படியே வைத்தால் ஈயக் குமிழ் படியில் இடித்து, துடுப்புப் பொருத்திய இடத்தில் அடிப்பாகம் விரியும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பங்கழியில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரால் உள்ளும் வெளியும் கழுவி, ஷாஃப்டை உருவித் துடைத்துக் கிரீஸ் இடுங்கள். ரேடியோவின் ஃபெயில்சேஃப் சிக்னல் போனதும் மோட்டாரை நிறுத்துகிறதா என்பதை ஒவ்வொரு நாளும் கரையில், ப்ரொப்பெல்லர் காற்றில் இருக்கும்படி படகைப் பிடித்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். பிப்ரவரியில் குளம் வற்றத் தொடங்கியதும் லைப்போக்களைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்ட பேட்டரி வீங்கிவிடும்.