643001: ஊட்டியின் பின்கோடைக் காரணிப்படுத்துவது எப்படி?

உதகமண்டலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 643001. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கிறது. உண்மையில் பகா எண்தானா என்று பார்த்துவிட ஒரு தாளும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

படி 1: எல்லை

801² = 641601, 802² = 643204. ஆகவே 801 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய காரணி ஒன்று இருந்தால், அதன் ஜோடி 801-க்குள் வந்தே தீரும். இந்த எல்லைக்குள் 139 பகா எண்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அத்தனையும் தேவைப்படாது.

படி 2: சுலபமானவை

2, 5 இல்லை என்பது பார்த்ததுமே தெரியும். இலக்கங்களின் கூடுதல் 14, ஆகவே 3-ம் இல்லை. 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே கழித்தல் போதும், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 643 − 001 = 642. இதை அந்த மூன்றில் எதுவும் மீதியின்றி வகுக்காது. எனவே 643001-ஐயும் வகுக்காது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பின்கோடுகளும் 643-இல்தான் தொடங்குகின்றன. அங்கேயும் இதே கழித்தல்தான்.

படி 3: வரிசையாக வகுத்தல்

17-இல் தொடங்குங்கள். 51, 57 இரண்டும் பகா எண் போல ஏமாற்றும் (3 × 17, 3 × 19). அவற்றால் வகுப்பது வீண் வேலை. 59-க்கு மீதி 19. அடுத்து 61: ஈவு 10541, மீதி 0.

புதிதாகச் செய்பவர்கள் 61 × 10541 என்று எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 10541-ஐயும் சோதிக்க வேண்டும். அதற்குப் புது எல்லை 102 (103² = 10609). மறுபடி 2-இலிருந்து தொடங்க வேண்டாம், சிறியவை ஏற்கெனவே தோற்றுவிட்டன. ஆனால் 61-ஐ விட்டுவிடக் கூடாது, அதுவே இரண்டாம் முறையும் வகுக்கலாம். 61, 67, 71, 73, 79 எதுவும் வகுக்காது. 83 வகுக்கும்:

643001 = 61 × 83 × 127

127-ம் பகா எண்தான். அதற்குச் சிறிய காரணி இருந்திருந்தால் முன்பே மாட்டியிருக்கும்.

படி 4: வகைப்படுத்தல்

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் இது ஸ்ஃபெனிக் எண். வகுத்திகள் 2 × 2 × 2 = 8. அவற்றின் கூடுதல் 62 × 84 × 128 = 666624. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 23623. இது 643001-ஐவிடக் குறைவு, ஆகவே குறைவெண்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் முடியும் என்று பலர் சொல்லிவிடுவார்கள். அந்த விதி ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே. பகு எண் என்றால் காரணிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 83, 127 இரண்டும் 4-ஆல் வகுக்க மீதி 3 தருகின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எனவே முடியாது.

பயிற்சிக்குக் குன்னூரின் 643101. முதலில் 3, பிறகு 47 மாட்டும். மிஞ்சும் 4561-ஐ 47-இலிருந்து 67 வரை சோதித்த பிறகே பகா எண் என்று எழுதுங்கள்.