பிட்டர் பீர்: நாக்கைப் பழக்குவதும் வீட்டில் காய்ச்சுவதும்

பிட்டர் என்பது ஹாப் என்ற கொடியின் பூவால் கசப்பேற்றிய ஆங்கிலேய பீர் வகை. முதலில் சட்டம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். காரைக்குடியில் சொந்த வீட்டுக்குள் காய்ச்சினாலும் அதேதான். ஆகவே காய்ச்சும் பகுதி லண்டன், சிங்கப்பூர் என்று குடியேறிவிட்ட செட்டிநாட்டுக்காரர்களுக்கு. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். இரண்டு இடத்திலும் விற்கக் கூடாது.

சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கசப்பு ஒரு தடையே இல்லை. ஐஸ் போல் குளிர்ந்த லாகர் (நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் வெளிர் பீர்) குடித்த பழக்கம்தான் குறுக்கே நிற்கும். பிட்டரை வாயில் வைத்ததுமே "குளிரவே இல்லை, கேஸும் போயிருச்சு" என்பார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும்: 11 முதல் 13 டிகிரி செல்சியஸ், லேசான நுரை, 3.5 முதல் 4.5 சதவீத ஆல்கஹால். அதற்குமேல் குளிர வைத்தால் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசனை அடங்கிப்போய் வெறும் கசப்பு மிஞ்சும்.

பப்பில் நீளக் கைப்பிடி வைத்த கைப்பம்பிலிருந்து இழுத்துத் தருவதைக் கேளுங்கள். ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட், டிமதி டெய்லர் லேண்ட்லார்ட் என்ற இரண்டு பிட்டர்களும் நல்ல தொடக்கம். அரை பைன்ட் (சுமார் 284 மில்லி) போதும். முதலில் மால்ட்டின் இனிப்பு, பிறகு ஈஸ்ட் தரும் பழவாசனை, விழுங்கியபின் கசப்பு என்று வரிசையாக வரும். காடி வாடை அடித்தால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது, திருப்பிக் கொடுங்கள். மிளகும் வரமிளகாயும் தூக்கலான கோழி வறுவலோடு குடிக்க வேண்டாம், காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். தேன்குழல், சீப்புச் சீடை சரியான ஜோடி. சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று: பீப்பாய் பீரைத் தெளியவைக்கப் பல இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள்.

இனி 20 லிட்டருக்கு: மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகையின் மால்ட் 3.5 கிலோ, நிறமும் இனிப்பும் தரும் கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதமுள்ள 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' (இங்கே ஈஸ்ட் என்றால் கிழக்கு) என்ற ஹாப் 80 கிராம், ஆங்கில ஏல் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்று. மால்ட்டைக் குருணையாக உடைத்து வாங்குங்கள். மாவாக்கினால் உமி நொறுங்கி, வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும்.

மொத்தம் 28 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலக்குங்கள். விட்டுவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வரும். சிங்கப்பூர் போல உப்புக் குறைந்த தண்ணீருக்கு 5 கிராம் ஜிப்சம் சேர்க்கலாம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பீருக்குப் பேர் வந்ததே அங்குள்ள கிணற்று நீரின் ஜிப்சத்தால்தான். கசப்பு அதனால் சுத்தமாகத் தெரியும்.

10 லிட்டரை 73 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் 66 டிகிரியில் நிற்கும். அண்டாவை மூடிப் போர்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் புளிக்காத சர்க்கரை மிஞ்சி பீர் திகட்டும். 62-க்கு இறங்கினால் சப்பென்று போகும். வேடுகட்டி வடித்து, மீதித் தண்ணீரை 76 டிகிரியில் மெதுவாக மேலே ஊற்றி 24 லிட்டர் சேருங்கள். அதைத் திறந்தபடி ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் 40 கிராம் ஹாப், முடிய 10 நிமிடம் இருக்கையில் 20 கிராம், அடுப்பை அணைத்ததும் 20 கிராம். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு. முதல் கொதியில் பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதற்குமேல் பீரைத் தொடும் ஒவ்வொரு பாத்திரமும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்கட்டும். ஐஸ் தொட்டியில் வைத்து அரை மணிக்குள் 20 டிகிரிக்கு ஆற்றி, நன்றாகக் கலக்கிக் காற்றேற்றி, ஈஸ்டைத் தூவுங்கள். ஈஸ்டைத் தூவுமுன் அடர்த்திமானியை (தண்ணீரை 1.000 என்று வைத்து, கரைந்த சர்க்கரையைக் காட்டும் மிதவைக் கருவி) மிதக்கவிட்டால் 1.040-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

பெரும்பாலான சொதப்பல் நொதிக்கும்போதுதான். 18 முதல் 20 டிகிரி வேண்டும். நொதிக்கும்போது தானாகவே சூடு ஏறுமாதலால் அறையின் வெப்பத்தை நம்பாமல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்பமானியைப் பாருங்கள். 24-ஐத் தாண்டினால் தொண்டையில் எரியும் கனத்த ஆல்கஹால் உண்டாகும். சிங்கப்பூரில் பழைய ஃப்ரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சுமார் ஒரு வாரத்தில் மானி 1.010-க்கு வரும். வெண்ணெய் வாடை இருந்தால் அவசரப்பட்டு ஈஸ்டிலிருந்து பிரிக்காதீர்கள், இன்னும் இரண்டு மூன்று நாளில் ஈஸ்டே அதைத் தின்றுவிடும்.

இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே அளவு காட்டியபின்தான் பாட்டில். முந்தினால் பாட்டில் வெடிக்கும். 60 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து மொத்தத்துக்கும் கலந்தால் போதும். லாகருக்குப் போடும் அளவைப் போட்டால் பிட்டர் சோடாவாகிவிடும். பழுப்பு பாட்டிலே எடுங்கள், வெளிச்சம் பட்டால் ஹாப் நாறும். இரண்டு வாரம் 20 டிகிரியில் நிறுத்தி வைத்து, பிறகு 12 டிகிரிக்குக் குளிரவைத்து, அடிவண்டலை விட்டுவிட்டு ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.