காசு போடாமல் சர்க்யூட்டை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கோயமுத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன பட்டறை. நானும் இரண்டு பையன்களும்தான். கோழிப்பண்ணை லைட்டு டைமர், தண்ணித்தொட்டி லெவல் போர்டு, தறிக்குச் சில்லறை போர்டுகள் என்று வருகிற வேலையைச் செய்கிறோம். "எந்த சிமுலேஷன் சாஃப்ட்வேர் வாங்கலாங்ணா?" என்று பாலிடெக்னிக் முடித்த பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து அங்கேயே ஓட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர் அது. வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அதை ஒரு டைமர் கதையோடு சொன்னால்தான் விளங்கும்.

பல்லடம் பக்கம் என் லைட்டு டைமரை மாட்டியிருந்த ஒரு பண்ணைக்காரர் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தார். "ஏனுங் தம்பி, உங்க பொட்டி கடக் கடக்குன்னு அடிச்சுக்குதுங். லைட்டு மின்னுது, குஞ்செல்லாம் ஒரு மூலைல போய் ஏறுதுங்." குஞ்சுகள் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். காலையில் போர்டைக் கழற்றி வந்து பட்டறையில் போட்டால் கல்லு மாதிரி ஓடுகிறது. அவர் ஷெட்டில் ஃபேனெல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 160க்கு இறங்குகிறது, என் பட்டறையில் 230 வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் போர்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மெயின் லைனிலிருந்து கொஞ்சம் கரண்டை மட்டும் விடும் ஒரு எக்ஸ்2 கெபாசிட்டர், அதை டிசி ஆக்கும் பிரிட்ஜ், 12 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் பிடிக்கும் ஜீனர், அலையைச் சமன் செய்யும் 470 மைக்ரோ ஃபில்டர் கெபாசிட்டர், அப்புறம் 5 வோல்ட் ரெகுலேட்டர், புரோகிராம் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர், லைட்டைப் போடும் 400 ஓம் காயில் ரிலே. இந்த மாதிரி போர்டில் எந்த இடத்தைத் தொட்டாலும் மெயின் கரண்ட்தான். மேசையில் வைத்து மீட்டர் முனையால் குத்திக்கொண்டு சோதிக்கிற விஷயம் இல்லை. சிமுலேஷன் காசை மிச்சப்படுத்துகிறதோ இல்லையோ, விரலை மிச்சப்படுத்தும்.

சாஃப்ட்வேர் தேடும் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்வியை எழுதுங்கள். என் கேள்வி: "160 வோல்ட்டில், ரிலே இழுத்த பிறகு ஃபில்டர் கெபாசிட்டரில் எத்தனை வோல்ட் நிற்கும்?" இது அனலாக் கேள்வி, அதாவது வோல்டேஜ், கரண்ட் அளவு பற்றியது. "என் புரோகிராம் ஆறு மணிக்கு லைட்டைப் போடுமா?" என்பது வேறு ஜாதிக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர் தேடுகிறவர்கள்தான் விலை உயர்ந்த பெட்டியில் போய் விழுகிறார்கள்.

அனலாக் கேள்விக்கு நான் எல்டிஸ்பைஸ் வைத்திருக்கிறேன். அனலாக் டிவைசஸ் கம்பெனி இலவசமாகத் தருகிறது. சர்க்யூட் பெரிதானால் பூட்டிக்கொள்ளும் டெமோ வகை அல்ல. என் பில் போடும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. இதன் அடிவேர் ஸ்பைஸ் என்னும் புரோகிராம், 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதி ஊருக்குக் கொடுத்தது. இன்றைக்கு லட்சக்கணக்கில் விற்கும் சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கு உள்ளே இருப்பதும் அதன் வாரிசுதான். காசு கொடுத்தால் கணக்கு வேறு விடை சொல்லும் என்று நினைக்காதீர்கள். கூடுதலாகக் கிடைப்பது போர்டு டிசைனோடு இணைப்பு, பெரிய மாடல் நூலகம், போன் எடுத்துப் பேச ஒரு ஆள்.

சரி, வரைந்து பார்த்தேன். முதல் நாளே இரண்டு அடி வாங்கினேன், இரண்டையும் நீங்களும் வாங்குவீர்கள். மெயின் லைனுக்குப் பதிலாக வரையும் சைன் சோர்ஸில் ஆம்ப்ளிட்யூட் என்று கேட்கும் இடத்தில் 230 என்று போட்டேன். அது கேட்பது உச்ச வோல்டேஜ். மீட்டர் காட்டும் 230ஐ 1.414ஆல் பெருக்கி 325 போட வேண்டும். 230 என்றே போட்டால் நீங்கள் சோதிப்பது 163 வோல்ட் லைன். நல்ல வோல்டேஜிலேயே போர்டு ஓடவில்லையே என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, எக்ஸ்2 கெபாசிட்டருக்குக் குறுக்கே 1 மெகா ஓம் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கிறது. கடையில் சொல்கிற மாதிரி 1எம் என்று அடித்தேன். ஸ்பைஸ் கணக்கில் எம் என்றால், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, மில்லிதான். கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு மில்லி ஓம், அதாவது ஷார்ட்! திரையில் ஜீனர் வழியாக வெல்டிங் மிஷின் அளவு கரண்ட். மெகாவுக்கு எம்இஜி என்று மூன்றெழுத்தும் அடிக்க வேண்டும். எக்ஸ்2 கெபாசிட்டர் 0.47 மைக்ரோ, அதற்கு 0.47யூ என்று அடியுங்கள். யூவை விட்டுவிட்டால் அரை ஃபாரட் ஆகிவிடும். கிரவுண்டு குறி ஒன்று எங்காவது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் எந்த வோல்டேஜும் கணக்கில் நிற்காது.

மைக்ரோகன்ட்ரோலரை வரையத் தேவையில்லை. 5 மில்லி ஆம்பியர் உறிஞ்சும் கரண்ட் சோர்ஸ் ஒன்று போதும். ரிலேக்கு 400 ஓம் ரெசிஸ்டர், அதை இரண்டாவது நொடியில் சேர்க்கும் ஒரு சுவிட்ச். 160 வோல்ட்டுக்கு ஆம்ப்ளிட்யூட் 226.

ஓட்டினால் குட்டு உடைந்தது. ரிலே சேருமுன் ஃபில்டரில் 12 வோல்ட் நன்றாக நிற்கிறது. ரிலே சேர்ந்ததும் சரசரவென்று இறங்கி 6.2இல் போய் உட்காருகிறது. இழுத்துவிட்ட ரிலே அதில்கூடப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே 7 வோல்ட் வேண்டும். அது கிடைக்காமல் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, ரிலேயை விடுகிறது, பாரம் போனதால் 12 வோல்ட் திரும்ப ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. கடக், கடக். நான் பாவம் ரிலேயைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு தடவை.

எக்ஸ்2 கெபாசிட்டரை 0.47இலிருந்து 0.68 ஆக்கினால் 160இல் 9.7 வோல்ட் நிற்கிறது. 1 மைக்ரோ போட்டால் இன்னும் நல்லதுதானே என்று பையன் கேட்டான். நடுராத்திரியில் பாரமெல்லாம் விட்டதும் லைன் 260க்கு ஏறும். அப்போது ரிலே விட்டிருந்தால் ஜீனரில் கிட்டத்தட்ட 0.8 வாட் சூடு, போட்டிருப்பது 1 வாட் ஜீனர். 0.68 என்றால் அரை வாட்தான். மூன்று மதிப்பையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம், ஸ்டெப் கட்டளை கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் மூன்று கோடும் வந்துவிடும்.

இனி மற்றவை. சர்க்யூட் படிக்கவே இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஃபால்ஸ்டாட் பாருங்கள். பிரவுசரிலேயே ஓடும், கரண்ட் மஞ்சள் புள்ளியாக ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராம் சோதிக்க டிங்கர்கேட், வோக்வி இரண்டும் பிரவுசரில் கிடைக்கும். அர்டுயினோவுக்கு எதுவானாலும் சரி, ஈஎஸ்பி32 என்றால் வோக்வி. நெட் இல்லாத இடத்தில் சிமுல்ஐடிஈ, அது பிக் சிப்பும் ஓட்டும். ஆனால் மேலே சொன்ன 6.2 வோல்ட் விவகாரத்தை இவற்றில் தேடாதீர்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு, சர்க்யூட்டும் பிசிபியும் (போர்டு) வரையும் கிகேட். உள்ளேயே என்ஜிஸ்பைஸ் என்னும் இலவச ஸ்பைஸ் இருப்பதால் வரைந்த படத்தையே ஓட்டிப் பார்த்துவிட்டு பிசிபிக்குப் போகலாம். இந்த இரண்டையும் சேர்த்து ஐஐடி பம்பாய் இசிம் என்று ஒன்று கொடுக்கிறது, அதுவும் இலவசம், காலேஜ் பிள்ளைகளுக்கு நல்லது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஐசி வைத்து எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) செய்கிறவர்களுக்கு அந்தக் கம்பெனியே பிஸ்பைஸ் என்னும் விலைக்கு விற்கும் சாஃப்ட்வேரின் ஒரு பதிப்பை இலவசமாகத் தருகிறது. மைக்ரோகேப் என்று ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. 2019இல் கம்பெனியை மூடும்போது சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்டிஸ்பைஸை எழுதியவரே 2023இல் கியூஸ்பைஸ் என்று புதிதாக எழுதியிருக்கிறார், கோர்வோ கம்பெனி வழியாக அதுவும் இலவசம்தான். பழகிய கை என்பதால் நான் மாறவில்லை.

கிராக் காப்பி மட்டும் வேண்டாம். பல வருஷம் முன்னால் தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் ஒன்று கொடுத்தார். நான்காம் நாள் கம்ப்யூட்டரில் பில் கணக்கெல்லாம் திறக்கவில்லை. ஜிஎஸ்டி கட்டும் வாரம் வேறு.

சிமுலேஷன் காட்டாத சங்கதிகளும் உண்டு. இடி மின்னல் லைனில் ஏற்றும் அடி, தகரக் கூரைக்கடியில் சித்திரை மாசச் சூடு, பிசிபியில் கோடு போன பாதை எல்லாம் பட்டறை வேலைதான். எக்ஸ்2 கெபாசிட்டர் வருஷம் போகப் போக மதிப்பு குறையும் என்பதையோ, நாமே 0.5 என்று போட்டு ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெபாசிட்டர் மாற்றிய போர்டைக் கொண்டுபோய் மாட்டும்போது பண்ணைக்காரர் விடவில்லை.

"நூத்தி முப்பதுக்கு வந்தா என்னங் பண்ணும்?"

வண்டியில் லேப்டாப் இருந்தது. 130ஐ 1.414ஆல் பெருக்கி 184 என்று அடித்து ஓட்டினேன். ரிலே சேர்ந்த பிறகு 7.5 வோல்ட்.

"அரை வோல்ட் மிச்சமிருக்குதுங் மாமா."

"அப்ப சரிங். நூத்தி முப்பதுல ஃபேனே சுத்தாது, உங்க பொட்டி மட்டும் நிக்குமுங்."