டியூப், மருந்துப் பெட்டி, பையன்: கோவையிலிருந்து இங்கிலாந்துக்கு

வெளிநாட்டு வேலை என்றதும் எல்லாரும் சம்பளத்தையும் வாடகையையும் பார்ப்பார்கள். எங்கள் பையனுக்கு மூளைவாதம், கூடவே வலிப்பு. வாயால் சாப்பிட முடியாது, வயிற்றில் வைத்த டியூப் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும். அதனால் நாங்கள் முதலில் பார்த்தது அவனுக்கு எந்த நாடு விசா கொடுக்கும் என்பதைத்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் குழந்தையின் மருத்துவ, பராமரிப்புச் செலவைக் கணக்குப் போடுவார்கள். அது 86,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் மொத்தக் குடும்பத்தின் விசாவும் போகலாம். சில வகை விசாக்களில் மட்டும் விலக்கு கேட்க வழி உண்டு. கனடாவிலும் இப்படி ஒரு செலவு வரம்பு இருக்கிறது. பிரிட்டனில் செலவைக் காட்டிக் குழந்தையை மறுக்கும் விதி கிடையாது. அதற்குப் பதிலாக விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776 பவுண்டு. அப்பா, அம்மா, ஒரு குழந்தை, மூன்று வருட விசா என்றால் 8,538 பவுண்டு, அதுவும் ஒரே தவணையில். கம்பெனி இதைத் தருமா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் எச்ஆர் சிரிப்பார்கள், பணம் வராது.

அப்புறம்தான் உண்மையான வேலை. இங்கே நம் டாக்டரை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் அங்கே குழந்தை நரம்பியல் நிபுணர் முதல்முறை பார்க்கும் நாளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் நேராக நிபுணரிடம் போக முடியாது. ஜிபி என்கிற பகுதி டாக்டரிடம் பதிவு செய்து, அவர் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு அரசு வைத்த இலக்கே 18 வாரம், நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட என்னென்ன வேண்டும் என்று யோசித்துத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

முக்கியமானது ஒரு பக்கக் குறிப்பு. கட்டுக் கட்டாக ஃபைலை நீட்டினால் பத்து நிமிடம் மட்டுமே இருக்கும் ஜிபி என்ன செய்வார்? நோயின் பெயர், ஆபரேஷன்கள், அலர்ஜி, வலிப்பு எப்படி வரும், எத்தனை நிமிடம் தாண்டினால் அவசர மருந்து, டியூபின் அளவு, எடை எல்லாவற்றையும் ஒரே தாளில் டைப் செய்து டாக்டரின் கையெழுத்து வாங்குங்கள். மருந்தின் அளவை மி.லி.யில் மட்டும் எழுத விடாதீர்கள், மி.கி.யும் வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் சிரப்பில் நம் ஊரில் 5 மி.லி.க்கு 20 மி.கி. இருக்கும். அங்கே எலிக்சிர் என்ற பெயரில் வரும் அதே திரவ மருந்தில் 5 மி.லி.க்கு 15 மி.கி.தான். “காலையில் 5 மி.லி.” என்று மட்டும் எழுதியிருந்தால் குழந்தைக்கு மருந்து குறைந்துபோகும், வலிப்பு திரும்ப வரும். பிராண்டு பெயரும் அங்கே யாருக்கும் தெரியாது, மருந்தின் பொதுப் பெயர் இருக்கட்டும். எம்ஆர்ஐ சிடியும், வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோவும் கூடவே போகட்டும். அறிக்கையைவிட அந்த வீடியோவைத்தான் டாக்டர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

வலிப்பு மருந்துகளான குளோபசாம், பினோபார்பிட்டோன், மிடசோலாம் மூன்றும் பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மூன்று மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் லைசென்ஸ் வேண்டாம், டாக்டர் கடிதம் போதும். அதில் பெயர், பயணத் தேதி, ஒவ்வொரு மருந்தின் பலமும் அளவும் இருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கணக்குப் பண்ணி எடுத்துப் போனோம், இறங்கியதுமே ஜிபியிடம் பதிவு செய்தோம். முகவரிச் சான்று இல்லை என்று பதிவை மறுக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. ரிசப்ஷனில் தயங்கினால் இதை மெதுவாகச் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழே மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது.

விமானம். விமான நிறுவனத்திடம் மெடிஃப் என்ற, பயணியின் உடல்நிலையைச் சொல்லும் படிவம் வாங்கி டாக்டரிடம் நிரப்பி அனுப்புங்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டியில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது போல. நெஞ்சு பலவீனமான குழந்தை என்றால் ஆக்சிஜன் தேவைப்படுமா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள். மருந்து முழுக்கக் கைப்பையில். 100 மி.லி. கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது, கடிதம் மேலே இருக்கட்டும். நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. எந்த டோஸை எப்போது நகர்த்துவது என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். அன்று முழுக்க ஒரு போனை இந்திய நேரத்திலேயே விட்டுவைத்தோம்.

டியூப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. இங்கே பழகிய 50 மி.லி. சிரிஞ்ச் அங்கே கிடைக்கும் டியூப் இணைப்பில் ஏறாது. பிரிட்டனில் உணவு டியூபுக்கென்றே என்ஃபிட் என்ற தனி இணைப்பு, ஊதா நிற சிரிஞ்ச். மருந்து தவறி ரத்தக் குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அவை கைக்கு வரும்வரை உங்கள் பழைய சிரிஞ்சும் எக்ஸ்டென்ஷன் குழாயும் தாராளமாக இருக்க வேண்டும். அதே அளவில் ஒரு மாற்று டியூபும் கைப்பையில் கட்டாயம். டியூப் வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் திண்டாட்டம்.

வீட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் சிறப்புப் பள்ளிக்கு இஎச்சிபி என்ற, குழந்தையின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவைகளை எழுதும் திட்டம் வேண்டும், அதைத் தருவது நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சில், அதாவது உள்ளாட்சி. விண்ணப்பித்ததிலிருந்து 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் வேறு கவுன்சிலுக்குக் குடிபோனால் குழப்பம். பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். விசாவில் பொது நிதி, அதாவது அரசு உதவிப் பணம், கிடையாது என்ற நிபந்தனை இருக்கும், அதனால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான உதவித்தொகையைக் கேட்கக் கூடாது. பள்ளியும் இஎச்சிபியும் மருத்துவமும் அந்த நிபந்தனைக்குள் வராது. இது தெரியாமல் பயந்து எதையுமே கேட்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் டயட்டீஷியன் முதலில் பாக்கெட் ஃபீட், அதாவது டியூபில் கொடுக்கும் தயார்நிலைத் திரவ உணவு, எழுதுவார். நம் ராகிக் கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும் அரைத்துக் கொடுக்க விரும்பினால் தாராளமாகச் சொல்லலாம், வீட்டுச் சாப்பாட்டை டியூபில் கொடுக்கும் குடும்பங்கள் அங்கேயும் இருக்கின்றன. ஆனால் “கொஞ்சம் ராகி” என்றால் அவர்களுக்குப் புரியாது. எத்தனை கிராம் மாவு, எவ்வளவு தண்ணீர், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று ஊரிலேயே தராசில் நிறுத்து எழுதி எடுத்துப் போங்கள்.